திருக்கைக்குப் பெயர் வேண்டும்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் உள்ள ஐயம்பேட்டை ஒரு நெசவூர். அங்கே தறி உள்ள வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் 'பட்டு' என்பது ஒரே ஒரு பொருளைக் குறிக்கும் சொல் அல்ல. கரையும் உடலும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டுக் கோர்வையாகச் சேர்ந்த சேலை எது, சாதாரணக் கரைச் சேலை எது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். அசல் ஜரிகைக்கும் போலி ஜரிகைக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் கைக்குத் தெரியும். ஒரு தொழிலை அறிந்தவர்கள் அதற்குள் இருக்கும் வகைகளை அறிந்திருப்பார்கள். வகைகளை அறிந்திருப்பதால் அவற்றின் மதிப்பையும் அறிந்திருப்பார்கள்.

இனி மீன் சந்தைக்கு வருவோம். நம் உள்நாட்டு ஊர்களின் சந்தைகளில் தட்டையான உடலும் நீண்ட வாலும் கொண்ட மீன் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: திருக்கை. துண்டு போட்டிருந்தாலும் திருக்கை. உப்பிட்டுக் காய வைத்திருந்தாலும் திருக்கைக் கருவாடு. அது எந்தத் திருக்கை என்று வாங்குபவர் கேட்பதில்லை. விற்பவரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குழம்பு சுவையாக இருந்தால் போதாதா? போதாது என்பதே என் கருத்து. பெயர் தெரியாத ஒன்று குறைவதும் நமக்குத் தெரியாது. அடியோடு அழிந்து போனாலும் தெரியாது. இது வெறும் பேச்சு அன்று, உண்மையாகவே நடந்திருக்கிறது. அதைச் சொல்லும் முன், இந்த விந்தையான பிராணி எத்தகையது என்று பார்ப்போம்.

எலும்பில்லாத உடல்

திருக்கை, சுறாவின் நெருங்கிய உறவினம். சுறாவைப் போலவே இதன் உடலிலும் உண்மையான எலும்பு கிடையாது. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் இருக்கிறதே, அந்தக் குருத்தெலும்பினாலேயே திருக்கையின் எலும்புக்கூடு முழுவதும் அமைந்திருக்கிறது. திருக்கைத் துண்டைக் கடித்துச் சாப்பிடுகிறவர்கள் முள் குத்தும் என்று அஞ்சாததற்கு இதுவே காரணம்.

திருக்கையின் 'இறக்கை' என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மார்புத் துடுப்பு. அது அகன்று விரிந்து தலையோடு ஒட்டி வளர்ந்து, உடலை ஒரு தட்டுப் போல ஆக்கிவிட்டது. கடற்படுகையில் வாழும் வகைகள் இந்தத் துடுப்பின் விளிம்பை அலை அலையாக அசைத்து நகர்கின்றன. திறந்த கடலில் நீந்தும் வகைகளோ பறவை சிறகடிப்பதைப் போலவே துடுப்பை மேலும் கீழும் அடித்துச் செல்கின்றன.

தோலைத் தடவினால் சில வகைகளில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு சாதாரணச் செதில் அல்ல; நம் பற்கள் எந்தப் பொருளால் ஆனவையோ அதே வகைப் பொருளால் ஆன நுண்ணிய பல்செதில்கள். திருக்கைத் தோல் அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் ஜப்பானியர்கள் தம் வாள் பிடிகளை அதனால் போர்த்தினார்கள்; ஈரமான கையிலும் வாள் வழுக்காது.

இன்னொரு செய்தி. கடல்நீர் உப்பானது, உப்பு நீரில் வாழும் உயிரின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தடுக்கச் சுறாவும் திருக்கையும் ஒரு வழியைக் கண்டிருக்கின்றன. நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவை அவை இரத்தத்திலும் தசையிலும் தேக்கி வைத்துக்கொள்கின்றன. மீன் இறந்தபின் அந்த யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. நாட்பட்ட திருக்கையில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? வேதியியல் பாடம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை; அடுப்பங்கரையிலும் இருக்கிறது.

மணலுக்குள் மூச்சு, இருட்டில் பார்வை

திருக்கையின் வாயும் செவுள் பிளவுகளும் உடலின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, கண்கள் மேற்பக்கத்தில். மணலில் புதைந்து படுத்திருக்கும்போது வாயால் நீரை இழுத்தால் மணலும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஆகவே கண்களுக்குப் பின்னால் இரண்டு துளைகள் அமைந்திருக்கின்றன. அவற்றின் வழியாக மேலிருந்து தூய நீரை இழுத்து, அடிப்பக்கச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. உடல் முழுவதும் மணலுக்குள். கண்ணும் மூச்சுத் துளையும் மட்டும் வெளியே!

சரி, வாய் கீழே, கண் மேலே என்றால் உணவைப் பார்ப்பது எப்படி? பார்ப்பதில்லை. மணலுக்குள் ஒளிந்திருக்கும் நண்டு, இறால், சிப்பி, புழு ஆகியவற்றை அது மின்சாரத்தால் கண்டுபிடிக்கிறது.

1678-ஆம் ஆண்டில் ஸ்டெபானோ லோரென்சினி என்ற இத்தாலிய மருத்துவர், இந்த இன மீன்களின் தலைப்பகுதியில் கூழ் நிறைந்த நுண்குழல்கள் இருப்பதை விவரித்தார். அவை எதற்காக என்று அவருக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ 300 ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. 1960-களில்தான் அவை மின்சாரத்தை உணரும் உறுப்புகள் என்று தெளிவாயிற்று. 1971-இல் கால்மைன் என்ற விஞ்ஞானி ஓர் அழகான சோதனையை வெளியிட்டார். இரை மீன் ஒன்றை மணலுக்கடியில், அகர் கூழால் ஆன அறைக்குள் வைத்தார். அகர் வாசனையைத் தடுக்கும், மின்சாரத்தைத் தடுக்காது. சுறாவும் திருக்கையின் உறவினமான மீனும் நேராக இரை இருந்த இடத்துக்கே வந்தன. மின்சாரத்தையும் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் அந்த அறையை மூடியதும் அவற்றால் இரையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு இரையே இல்லாமல், மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் மணலுக்கடியில் வைத்தார். மீன்கள் அதையும் தோண்டின!

ஒவ்வோர் உயிரின் தசையும் இதயமும் இயங்கும்போது நுண்ணிய மின்சாரம் உண்டாகிறது. நம் மருத்துவமனைகளில் இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவி அறிவதும் இதைத்தான். திருக்கை அந்தக் கருவியைத் தலையிலேயே சுமந்துகொண்டு திரிகிறது.

வால்முள் குற்றவாளியா?

திருக்கை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அதன் வால்முள். வாலின் மேற்புறத்தில், பெரும்பாலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்று முட்கள் இருக்கும். பல்லின் உட்பொருளைப் போன்ற கடினமான பொருளால் ஆனது இந்த முள். இருபுறமும் இரம்பம் போன்ற பற்கள். அவை பின்னோக்கி வளைந்திருப்பதால் உள்ளே போன முள்ளை வெளியே இழுக்கும்போதுதான் காயம் பெரிதாகும். முள்ளின் அடிப்பக்கப் பள்ளங்களில் நஞ்சு சுரக்கும் திசு இருக்கிறது. தேய்ந்த முள் விழுந்து புதிய முள் முளைப்பதும் உண்டு.

இந்த முள்ளுக்கு உலகெங்கும் பெரிய பெயர். கிரேக்கப் பழங்கதையில் வீரன் ஒடிசியஸ், திருக்கை முள் பதித்த ஈட்டியால் தன் மகன் கையாலேயே இறக்கிறான். நம் கரையிலும் இலங்கையிலும் முற்காலத்தில் திருக்கை வாலைச் சவுக்காக்கி மனிதனை மனிதன் அடித்திருக்கிறான். மீனின் தற்காப்புக் கருவியைத் தண்டனைக் கருவியாக்கியது மீன் அல்லவே!

1608-இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஒரு திருக்கையைத் தன் வாளால் குத்திப் பிடித்தார். வாளிலிருந்து எடுக்கும்போது அது அவர் கையில் முள்ளை ஏற்றியது. கையும் தோளும் வீங்கின. சாகப் போகிறோம் என்று எண்ணித் தனக்குப் புதைகுழி தோண்டச் சொன்னார், தோழர்களும் தோண்டினார்கள். ஆனால் மாலைக்குள் வலி தணிந்தது. அன்றிரவு அதே மீனைச் சமைத்துச் சாப்பிட்டார்! அந்த இடத்துக்கு இன்றும் 'திருக்கை முனை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது. இந்தக் கதையில் முதலில் குத்தியவர் யார் என்பதைக் கவனியுங்கள்.

2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விலங்கு நிகழ்ச்சியாளர் ஸ்டீவ் இர்வின், கடலடியில் படப்பிடிப்பின்போது திருக்கை முள் மார்பில் பாய்ந்து இறந்தார். உலகமே வருந்தியது. ஆனால் அதற்கடுத்த நாட்களில் நடந்ததுதான் அதைவிட வருந்தத்தக்கது. ஆஸ்திரேலியக் கரைகளில் வால் வெட்டப்பட்ட நிலையில் திருக்கைகள் செத்துக் கிடந்தன. பழி வாங்கியிருக்கிறார்கள் என்று அஞ்சப்பட்டது. வாழ்நாள் முழுவதும் விலங்குகளுக்காகப் பேசிய ஒருவருக்காக விலங்குகளைக் கொல்வது என்ன நியாயம்?

திருக்கை மனிதனைத் தேடி வந்து குத்துவதில்லை. சுத்தியல் போன்ற தலை கொண்ட கொம்பன் சுறா அதன் பெரிய பகைவன். அத்தகைய எதிரிகளுக்காக ஏற்பட்டது அந்த முள். மணலில் புதைந்திருக்கும் மீனை நாம் தெரியாமல் மிதிக்கும்போது அது வாலைச் சுழற்றுகிறது. ஆகவே ஆழமற்ற கடல்நீரில் நடப்பவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், மணலை உரசியபடி இழுத்து நடந்தால், அதிர்வை உணர்ந்து திருக்கை தானே விலகிப் போய்விடும்.

குத்திவிட்டால்? காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். இந்த நஞ்சு புரதத்தால் ஆனது; வெப்பத்தில் சிதையும்; வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். மார்பு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் முள் ஏறியிருந்தால் அதைப் பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

'கொடிய பிராணி', 'பயனுள்ள பிராணி' என்று உயிர்களை இரண்டு பெட்டிகளில் போடும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பேன். முள்ளை மட்டும் பார்ப்பவன் திருக்கையை வெறுப்பான். சதையை மட்டும் பார்ப்பவன் விலையைக் கேட்பான். இருவருமே அதைப் பார்க்கவில்லை.

கருப்பையில் பால்

மீன் என்றால் முட்டையிடும் என்று படித்திருக்கிறோம். திருக்கை குட்டி போடும். இதைப் பற்றிய அடிப்படையான ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த உட்-மேசனும், 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கடலாய்வுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய ஆல்காக்கும் 1891-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். நீளத்தைவிட அகலம் மிகுந்த, குட்டை வால் திருக்கை ஒன்றைப் பற்றியது அது. அதன் கருப்பைச் சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் இருப்பதையும், அவை சுரக்கும் சத்துநீரைக் குட்டி உட்கொண்டு வளர்வதையும் விவரித்தார்கள். பிறந்த பின் பாலூட்டுவது பசு. பிறக்கும் முன்பே பாலூட்டுவது திருக்கை!

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குப் பால் ஊறும் என்று சுறாவையும் திருக்கையையும் சமைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அந்த மீனே தன் குட்டிக்குப் பால் போன்ற ஒன்றைச் சுரக்கிறது என்பது சுவையான ஒற்றுமைதான்.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். திருக்கை ஓர் ஈற்றில் ஒன்றோ, சிலவோதான் ஈனும். திருக்கை இனத்தில் மிகப் பெரிதான மாண்டா எனப்படும் கொம்புத் திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. பல வகைகள் இனப்பெருக்கப் பருவத்தை அடையவே சில ஆண்டுகள் ஆகும். மேலும், வலையில் சிக்கிய சினைத் திருக்கை அந்த அதிர்ச்சியிலேயே குட்டிகளை ஈன்றுவிடுவது உண்டு. அப்போது ஒரு மீன் போனால் ஒரு தலைமுறையே போனதாகும்.

மத்தியைப் பிடிப்பது ஆண்டுதோறும் விளையும் நெல்லை அறுப்பது போல. திருக்கையைப் பிடிப்பது பனைமரத்தை வெட்டுவது போல. இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. 2022-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைக்கு எண்கணிதம் கற்பித்துப் பார்த்தார்கள். நீல நிற உருவங்களைக் காட்டினால் ஒன்று கூட்ட வேண்டும். மஞ்சள் என்றால் ஒன்று கழிக்க வேண்டும். ஐந்துக்குள் இருக்கும் எண்களில் திருக்கைகள் சில இதைக் கற்றுக்கொண்டன. சேற்றில் கிடக்கும் மந்த மீன் என்று எண்ணினோமே!

பெயர் தெரியாத சட்டம்

இனிப் பெயருக்கு வருவோம். உலகத் திருக்கை இனங்களைப் பற்றி 2016-இல் வெளிவந்த பெரிய நூல் ஒன்று, திருக்கைகளும் அவற்றின் உறவினங்களுமாக 633 வகைகளை விவரிக்கிறது. நம் கரைக்கும் இந்தப் பெயரிடும் பணிக்கும் பழைய தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற ஒரு சிறு திருக்கையை வைத்து, புளோக்கும் ஷ்னைடரும் 1801-இலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நாம் 'புள்ளித் திருக்கை' என்று ஒரே பெயரால் அழைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கடல் மீனை வைத்து 1775-இல் பெயர் பெற்ற ஹிமாந்துரா உவார்நாக் என்ற வகை அதில் அடங்கும். ஆனால் அதைப் போலவே புள்ளியும் வலைக்கோலமும் கொண்ட வேறு வகைகளும் இந்தியப் பெருங்கடலில் உள்ளன. அவற்றில் ஒன்றான ஹிமாந்துரா லியோபார்டா, தனி வகை என்று 2008-இல்தான் விவரிக்கப்பட்டது. அதுவரை அது சந்தைக்கு வரவில்லையா? வந்தது; இன்னொன்றின் பெயரில் வந்தது.

பெயர்க் குழப்பத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சான்று. 2001 ஜூலையில் மத்திய அரசு, சுறா, திருக்கை, உழுவை, வேளா ஆகிய குருத்தெலும்பு மீன்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உரிய பாதுகாப்பு, வலையில் வரும் ஒவ்வொரு திருக்கைக்கும்! மீனவர்கள் எதிர்த்தார்கள், வலைக்குள் எது வரும் என்பது அவர்கள் கையில் இல்லை அல்லவா? அதே ஆண்டு டிசம்பரில் அரசு அந்த ஆணையை மாற்றி, 10 வகைகளை மட்டும் பட்டியலில் வைத்தது. உடல் முழுவதும் முட்கள் நிறைந்த, ஆனால் நஞ்சு வால்முள் இல்லாத முள்ளம்பன்றித் திருக்கை அவற்றில் ஒன்று. கங்கைத் திருக்கை இன்னொன்று. 1822-இல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வரும் அந்த அறிவியல் பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்பதில் வகைப்பாட்டு அறிஞர்களிடையே குழப்பம் நிலவுகிறது! 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது பட்டியல் மேலும் நீண்டது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மீனவர் நள்ளிரவில், ஆடும் படகில், வலையைக் கொட்டும்போது எந்த மீனை மீண்டும் கடலில் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இலத்தீன் பெயர்ப் பட்டியல் அவருக்கு உதவாது. அவர் மொழியில், அவர் கரை வழக்கில் உள்ள பெயரோடு, படத்தோடு சொன்னால்தான் உதவும். உண்மையில் மீனவர்களுக்குப் பெயர்கள் தெரியும். திருக்கைக்கென்றே 'திருக்கை வலை' வைத்திருந்தவர்கள் அல்லவா அவர்கள்? கரையில் இருக்கும் அந்தப் பெயர்கள் சந்தைக்கு வரும் வழியில் தொலைந்து போகின்றன. சட்டம் எழுதும் மேசைக்கோ அவை போவதே இல்லை. இதுதான் குறை.

சந்தையில் ஒரு முறை

1862-இல் எட்வர்ட் ஃபான் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர், இன்று ஜகார்த்தா எனப்படும் நகரின் மீன் சந்தையில் தட்டு அளவிலான ஒரு சிறு திருக்கையைப் பெற்றார். அது புது வகை. அந்த ஒரு மீன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதன் பிறகு எத்தனையோ பேர் தேடியும் இன்னொரு மீன் கிடைக்கவே இல்லை. 2023 டிசம்பரில் ஜாவாத் திருக்கை அழிந்துபோன இனம் என்று அறிவிக்கப்பட்டது. மனிதச் செயலால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல் மீன் இதுவே. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும், கரையோர வாழிடம் கெட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எண்ணிப் பாருங்கள். அறிவியல் அந்த மீனைக் கடலில் பார்க்கவில்லை. சந்தையில் பார்த்தது, அதுவும் ஒரே ஒரு முறை. அதற்குப் பின் அந்தச் சந்தைக்கு அது இன்னும் பல முறை வந்திருக்கலாம். வாங்கியவர்கள் அதையும் பொதுப் பெயராலேயே வாங்கிப் போயிருப்பார்கள்.

உலகத்தில் உள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2021-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. முதன்மைக் காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022 ஜூனில் கம்போடியாவின் மீகாங் ஆற்றில் ஒரு மீனவரின் தூண்டிலில் 300 கிலோ எடையும் ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் உள்ள நன்னீர்த் திருக்கை சிக்கியது. உலகில் பதிவான நன்னீர் மீன்களிலேயே மிகப் பெரியது அதுதான். மீனவர் ஆராய்ச்சிக் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். குழுவினர் அவருக்குச் சந்தை விலையைக் கொடுத்து, மீனின் உடலில் ஓர் ஒலிக் கருவியைப் பொருத்தி, மீண்டும் ஆற்றில் விட்டார்கள். மீனவருக்கு நட்டம் இல்லை, மீனுக்கு உயிர், அறிவியலுக்குச் செய்தி. அச்சுறுத்தலால் அல்ல, நம்பிக்கையால் நடந்த காரியம் இது.

"நமக்கென்ன?" என்பவர்களுக்கு

இரண்டு எதிர்வாதங்கள் எழும். ஒன்று: "மீனவர் வயிற்றுப்பாட்டைவிடத் திருக்கை பெரிதா?" இல்லை. ஆனால் திருக்கை குறைந்தால் முதலில் நட்டப்படுபவர் மீனவரே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் விரைவில் பெருகும் மீன்களுக்கு இரண்டு மாத ஓய்வு பெரிய உதவி; ஆண்டுகள் கழித்துக் குட்டி போடும் திருக்கைக்கு அது மட்டும் போதாது. எந்த வகை தாக்குப்பிடிக்கும், எது பிடிக்காது என்று பிரித்தறிந்தால், எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டிய தேவையே வராது. 2001 ஜூலை போன்ற ஆணை மீண்டும் வராமல் இருக்க, மீனவருக்கும் இந்த அறிவு அரண்.

இரண்டாவது: "கடல் எங்கே, ஐயம்பேட்டை எங்கே?" சாலை வழியே கடல் 50 கிலோமீட்டருக்கும் மேல். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. மெய்தான். ஆனால் வாலாஜாபாத்தைத் தொட்டு ஓடும் பாலாறு வாயலூர் அருகே கடலில்தான் கலக்கிறது. ஆற்றில் நாம் விடுவது கழிமுகத்துக்குப் போகிறது. கழிமுகத்தின் சேறும் மணலும் கரையோர மீன்களின் மேய்ச்சல் நிலம். அதோடு, கரையில் இறங்கும் மீனைத் தின்பவர்கள் கரையில் இருப்பவர்கள் மட்டும் அல்லர். பனிக்கட்டிப் பெட்டியிலும் கருவாட்டு மூட்டையிலும் அது உள்நாட்டுக்கு வருகிறது. வாங்குகிற கை நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, இதற்கு நுண்ணோக்கியோ கப்பலோ தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். சந்தையில் முழுத் திருக்கையைக் காணும்போது சிலவற்றைக் கவனியுங்கள்.

உடல் வட்டமா, சாய்சதுரமா? நீளத்தைவிட அகலம் மிகுதியா? வால் சாட்டை போல உடலைவிட நீண்டதா, குட்டையா? வாலின் அடியில் கொடி போன்ற அகன்ற தோல் மடிப்பு உண்டா? தலை தட்டோடு ஒட்டியிருக்கிறதா, கழுகின் தலை போலத் தனித்து நீட்டியிருக்கிறதா, இரண்டு கொம்புகள் உண்டா? முதுகில் புள்ளியா, கோலமா, வெறும் பழுப்பா? வாலின் அடியில் இருபுறமும் விரல் போன்ற உறுப்புகள் இருந்தால் அது ஆண், இல்லையேல் பெண். ஒரு கையின் அகலமே உள்ள குட்டிகள் விற்பனைக்கு வருகின்றனவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரிடம் மரியாதையோடு கேளுங்கள்: "அம்மா, இது என்ன திருக்கை? எந்தக் கரையிலிருந்து வருகிறது?" அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வால்முள் நீக்கப்படாமல் இருந்தால் தொடாதீர்கள். இறந்த மீனின் முள்ளும் காயப்படுத்தும். ஓராண்டு முழுவதும் இப்படி எழுதிய குறிப்பேடு, எந்த மாதத்தில் எந்த வகை வருகிறது, பெரியவை வருகின்றனவா, குட்டிகளே வருகின்றனவா என்று சொல்லிவிடும். பெரிய மீன் குறைந்து குட்டிகள் மிகுவது நல்ல அறிகுறி அல்ல.

இது மாணவர்கள் மட்டும் செய்து முடிக்கும் காரியமும் அல்ல. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக மீன் இறங்கு துறைகளில் கணக்கெடுத்து வருகிறது. அந்த அறிவு தமிழில், வண்ணப் படங்களோடு, ஒவ்வொரு கரையின் வழக்குப் பெயரோடு, ஒவ்வொரு மீன் இறங்கு துறையின் சுவரிலும் பள்ளியின் சுவரிலும் தொங்க வேண்டும். பாடநூல் திருக்கையைப் பற்றி ஒரு வரி சொன்னால், அந்த வரியில் நம் கடலின் திருக்கைகளுடைய பெயர்கள் இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட வகையை உயிரோடு விடும் மீனவருக்கு அரசு ஈடு தர வேண்டும். மீகாங் ஆற்றில் நடந்தது வங்கக் கடலில் நடக்கக் கூடாதா?

டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே கடலில் இருந்த இனம் இது. பெரிய அழிவுகளை எல்லாம் தாண்டி வந்துவிட்டது. ஓர் உயிரைக் காக்கும் முதற்படி அதை விரும்புவதோ அதற்காக இரங்குவதோ அல்ல; அது இன்னது என்று தெரிந்துகொள்வது. அடுத்த முறை சந்தையில் அந்தத் தட்டையான மீனைக் காணும்போது, விலையைக் கேட்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள்.